பேக்கப் இருக்கு, பைல் எங்க?

"தம்பியவை, அம்மாட குரல் உங்களிட்ட இருக்கெல்லோ? முப்பத்தொண்டு வருது. அண்டைக்கு ஒருக்காப் போட்டுக் கேக்க வேணும்."

ஒரு பின்னேரம் எங்கட அறை வாசலில் நின்று ஒரு அக்கா இப்படிக் கேட்டார். சில வருடங்களுக்கு முன்னர் ஊர்ப் பெரியவர்களைத் தேடிப் போய் அவர்களின் கதைகளைப் பதிவு செய்து திரிந்தோம். அந்த அக்காவின் அம்மாவிடமும் போனோம். தோட்டம், கிணறு, இடப்பெயர்வு, திரும்பி வந்தது என்று மனுசி நாற்பது நிமிடத்துக்கு மேல் கதைத்தவ. நடுவில் எங்களுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி மகளைக் கூப்பிட்டதும் அந்தப் பதிவில் இருக்கிறது. அக்காவிடம் அம்மாவின் படங்கள் நிறைய இருந்தன. குரல் மட்டும் இல்லை.

"ஓமக்கா, இருக்கு. பேக்கப் எல்லாம் இருக்கு" என்று சொன்னோம். யோசிக்காமல் சொன்ன பதில். அதை உண்மையாக்க எங்களுக்கு ஒன்பது நாள் எடுத்தது. முப்பத்தோராம் நாளுக்கு அப்போது பதினொரு நாள்தான் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது, அதிலிருந்து நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். கணினி தெரிந்தவர்களுக்கு மட்டும் எழுதவில்லை. சங்கம், வாசிகசாலை, நாடகக்குழு, சஞ்சிகை என்று எதையாவது நடத்திக்கொண்டு, "எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில கிடக்கு" என்று நிம்மதியாக இருக்கிற எல்லாருக்கும் எழுதுகிறோம்.

பெட்டிக்குள் ஒரு வீடு

எங்களிடம் ஒரு பழைய சேர்வர் இருந்தது. யாரோ கழித்துவிட்டதை வாங்கி, எங்களோடு இருந்த ஒரு அண்ணா திருத்தித் தந்தவர். அதற்குள் ஹைப்பர்-வி போட்டு, இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓடவிட்டிருந்தார். பதிவுகள், ஸ்கான் செய்த பழைய சஞ்சிகைகள், நாடகப் படங்கள் எல்லாம் அதில் ஒன்றுக்குள் இருந்தன. அண்ணா வெளிநாடு போனார். அடுத்த மாரியில் விழுந்த ஒரு மின்னலோடு சேர்வரும் போனது. ஆனால் போவதற்கு முன்னர் அவர் ஒழுங்காகப் பேக்கப் எடுத்து இரண்டு வெளி டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார். ஒன்று எங்கள் அறையில். மற்றது வவுனியாவில் இருக்கிற ஒரு தோழியின் வீட்டில்.

அக்கா போன பிறகு டிஸ்க்கைச் செருகிப் பார்த்தோம். ஒலிப்பதிவு என்று ஒரு போல்டர் இருக்கும், அதற்குள் பெயர் பெயராகப் பைல்கள் கிடக்கும் என்று எதிர்பார்த்தோம். கிடந்தவை இரண்டே இரண்டு பைல்கள்தான். ஒன்று வி.எச்.டி.எக்ஸ், 900 ஜி.பி. மற்றது ஏ.வி.எச்.டி.எக்ஸ், அதைவிடக் கொஞ்சம் சின்னது. எங்கள் பல வருட வேலை முழுக்க இரண்டு பெயர்களாகச் சுருண்டு கிடந்தது.

இதென்ன வகைப் பைல்? மெய்நிகர் கணினி ஒன்றுக்கு நிசமான டிஸ்க் கிடையாது. அது தன் டிஸ்க் என்று நினைத்து எழுதுவதெல்லாம், அதைத் தாங்கி நிற்கும் சேர்வரில் ஒரு பெரிய பைலுக்குள் போய் விழுகிறது. ஹைப்பர்-வியில் அது வி.எச்.டி அல்லது வி.எச்.டி.எக்ஸ். வி.எம்.வெயாரில் வி.எம்.டி.கே. வேர்ச்சுவல் பொக்ஸில் வி.டி.ஐ. லினக்ஸ் பக்கம் பெரும்பாலும் கியூகவ்2. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரு முழு டிஸ்க்: பிரிவுகள், அந்தப் பிரிவுகளுக்குள் பைல் சிஸ்டம், அதற்குள் போல்டர்கள், கடைசியில்தான் எங்கள் பைல். வீட்டை அறை, அலுமாரி, லாச்சியோடு அப்படியே பெயர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்து மூடின மாதிரி.

இப்படிப் பேக்கப் எடுப்பதில் நல்ல நியாயம் இருக்கிறது. கணினி செத்தால் அதே கணினியை, அதே அமைப்போடு, வேறொரு மெசினில் எழுப்பலாம். ஆனால் எங்களுக்கு வேண்டியது வீடு இல்லை. லாச்சிக்குள் கிடந்த ஒரே ஒரு ஒலிநாடா.

நாங்கள் செய்த பிழை

முதலில் அறையில் இருந்த பழைய லப்டொப்பில் திறக்கப் பார்த்தோம். அதில் விண்டோஸ் 7. வி.எச்.டி.எக்ஸ் என்ற வடிவம் விண்டோஸ் 8, சேர்வர் 2012 காலத்தில்தான் வந்தது. விண்டோஸ் 7 இற்கு அது என்னவென்றே தெரியாது. "பைல் பழுதாப் போச்சோ?" என்று ஒருவருக்கு அப்போதே முகம் கறுத்துவிட்டது.

பிறகு புது லப்டொப் ஒன்றில் செருகி, 900 ஜி.பி பைலை இரண்டு தரம் கிளிக் பண்ணினோம். திறந்தது! புதிய டிரைவ் ஒன்று வந்தது, போல்டர்கள் தெரிந்தன. ஆரவாரப்பட்டோம். ஆனால் அதற்குள் இருந்தவை எல்லாம் பழைய பதிவுகள். அக்காவின் அம்மாவிடம் நாங்கள் போனது அதற்குப் பிறகு.

மற்றப் பைல் ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏ.வி.எச்.டி.எக்ஸ் என்பது தனி டிஸ்க் இல்லை. ஹைப்பர்-வியில் ஒரு கட்டத்தில் 'செக்பொயின்ட்' எடுத்தால், அதற்குப் பிறகு நடக்கிற மாற்றங்கள் மட்டும் இந்த இரண்டாவது பைலில் எழுதப்படும். முதல் பைல் தாய், இது பிள்ளை. தாயில்லாமல் பிள்ளையை வாசிக்க முடியாது. தாயில் ஒரு எழுத்து மாறினாலும் பிள்ளைக்கு அது வேறு ஆள்.

பிள்ளையைத் திறக்கப் போனோம். தாயும் பிள்ளையும் பொருந்தவில்லை என்று பிழைச்செய்தி வந்தது.

ஏன்? நாங்கள்தான். இரண்டு தரம் கிளிக் பண்ணித் திறக்கும்போது விண்டோஸ் அந்த டிஸ்க்கை எழுதக்கூடிய மாதிரித்தான் இணைக்கிறது. நாங்கள் ஒரு பைலையும் தொடவில்லை. ஆனால் விண்டோஸ் சும்மா இராது, தன்பாட்டுக்கு எதையாவது எழுதும். அந்தக் கணமே தாய்ப் பைலின் உள் அடையாள இலக்கம் மாறிவிடும். பிள்ளை தன் தாயை அந்த இலக்கத்தை வைத்துத்தான் அறியும். அதைப் பொருட்படுத்தாமல் பலவந்தமாகச் சேர்த்துவைக்கவும் கட்டளை இருக்கிறது. ஆனால் அப்படிச் சேர்த்தால் உள்ளே இருப்பது சிதையலாம்.

மின்னல் கெடுக்காத பேக்கப்பை ஆர்வத்தில் நாங்கள் கெடுத்துவிட்டோம். அன்றிரவு ஒருவரும் வடிவாகக் கதைக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது வவுனியா. தோழி மற்ற டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்தபடி கொண்டுவந்து தந்தார். இந்த முறை தொடுவதற்கு முன்னர் இரண்டு பைலையும் வேறொரு டிஸ்க்கில் கொப்பி பண்ணினோம். பழைய யூ.எஸ்.பி வாசல், ஒரு இரவு முழுக்கவும் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் ஓடியது. மூலத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். கொப்பியை மட்டும், இரண்டு பைலும் ஒரே போல்டரில் இருக்க, ஹைப்பர்-வி உள்ள மெசினில் 'ரீட்-ஒன்லி'யாக, அதாவது வாசிக்க மட்டும் என்று இணைத்தோம். திறந்தது.

லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கும் இதே பாடம்தான். 'கெஸ்ட்மவுண்ட்' என்ற கருவி மெய்நிகர் டிஸ்க்குக்குள் பார்த்து, பிரிவுகளைத் தானே கண்டுபிடித்து, வாசிக்க மட்டும் என்று திறந்து தரும். 'கியூ.இ.எம்.யூ-என்.பி.டி'யாலும் முடியும். ஆனால் ஒன்று கவனம்: 'ஈ.எக்ஸ்.டி.4' பைல் சிஸ்டத்தை வாசிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் பண்ணினாலும், ஒழுங்காக மூடப்படாத டிஸ்க் என்றால் அது தன் குறிப்பேட்டை ஓடவிட்டுச் சில திருத்தங்களை எழுதப் பார்க்கும். 'நோலோட்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு பைல் மட்டும் வேண்டும் என்றால் 7-சிப் என்ற இலவச மென்பொருளே இப்படியான பல இமேஜ்களை ஒரு சிப் பைலைப் போலத் திறந்து காட்டும்.

திறந்த பிறகும் ஒரு கூத்து. எந்தப் பதிவு யாருடையது என்று எழுதிய பட்டியலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பிக் கிடந்தது. பாமினி எழுத்துருவில் அடித்தது! புது லப்டொப்பில் பாமினி இல்லை. அந்த எழுத்துருவைத் தேடிப் போட்ட பிறகுதான் அம்மாவின் பெயர் தமிழில் தெரிந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பூட்டு.

கிடைக்காதது

குரல் கிடைத்தது. ஆனால் எல்லாம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. அதே மெய்நிகர் டிஸ்க்கில் இரண்டாவது பிரிவு ஒன்று இருக்கிறது. நாடகக்குழுவின் படங்கள் அதற்குள். அது பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் இல்லாவிட்டால் 48 இலக்க மீட்பு இலக்கம் வேண்டும். அண்ணாவிடம் கேட்டோம். பாவம், அவர் தன் பழைய கொப்பி எல்லாம் கிளறிப் பார்த்தார். "எங்கயோ எழுதி வச்சனான்ரா" என்றுதான் சொன்னார். இதை எழுதும்வரை அந்தப் படங்கள் பூட்டியபடியே இருக்கின்றன. இனியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்.

நெருப்பில்லாத இழப்பு

எங்கள் சமூகத்தில் ஆவணம் அழிந்தது என்றால் உடனே நினைவுக்கு வருவது நெருப்பு. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்த நினைவின் பாரம் எங்கள் தலைமுறைக்கும் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளை நாங்கள் மதிக்கிற காரணமும் அதுதான். ஆனால் அந்த நினைவு எங்களுக்கு ஒரு பிழையான நம்பிக்கையையும் தந்திருக்கிறது: இழப்பென்றால் வெளியில் இருந்து யாரோ வந்து செய்வது, நாங்கள் ஒரு கொப்பி எடுத்து ஒளித்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கை.

இப்போதைய இழப்புக்குப் புகை இல்லை. டிஸ்க் கையில் இருக்கும், பைல் அளவு சரியாகக் காட்டும், ஒருநாள் தேவை வரும்போதுதான் உள்ளே போக வழியில்லை என்று தெரியும்.

இது எங்களைப் போன்ற சின்னக் கூட்டங்களின் பிரச்சினை மட்டுமில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் பிழையான சேர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவற்றில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் எடுக்கும் வேலை தோல்வியடைகிறது என்று போன மின்னஞ்சல்கள்கூட ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் ஒருவர் வேறு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே 2023 ஓகஸ்ட்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கான பேக்கப் இருக்கவில்லை. பெரிய இடங்களுக்கே இப்படியென்றால், மின்விசிறி ஒன்றும் உடைந்த மேசை ஒன்றும் உள்ள எங்கள் அறை எம்மட்டு?

நாங்கள் சொல்ல வருவது

முதலாவது, இமேஜ் மட்டும் போதாது. மெசினை எழுப்ப இமேஜ் வைத்திருங்கள். ஆனால் குரல், படம், எழுத்து என்று மனிதருக்குத் தேவையானவற்றைச் சாதாரணப் பைலாகவும் தனியாக வைத்திருங்கள். எந்த லப்டொப்பில் செருகினாலும் திறக்க வேண்டும். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். "இடம் வீணாப் போகுதே" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். உண்மைதான், வீணாகும். ஆனால் அந்த ஒன்பது நாளை நினைத்தால் டிஸ்க்கின் விலை பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, "கிளவுட்டில போட்டால் சரிதானே" என்பவர்களுக்கு: போடுங்கள், நாங்களும் சிலவற்றைப் போடுகிறோம். ஆனால் 900 ஜி.பி இமேஜை அங்கே ஏற்றிவிட்டு, அதற்குள் இருக்கும் ஒரு பைலுக்காக முழுவதையும் எங்கள் டேட்டாவில் இறக்கப் போகிறீர்களா? பெட்டி எங்கே இருக்கிறது என்பதை விட, அதற்குள் கை போகுமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, இதைப்பற்றி யாரும் கதைப்பதில்லை. இமேஜைத் திறக்கப் பழகியவுடன் எங்களுக்கு இன்னொரு பயம் வந்தது. சேர்வர் ஓடிய காலத்தில் எல்லாப் போல்டரையும் எல்லாரும் பார்க்க முடியாது. காணாமல் போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் சொன்னவை, "பேர் போடாதேங்கோ மக்கள்" என்று கையைப் பிடித்துச் சொன்னவை அதில் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி அனுமதி வைத்திருந்தோம். ஆனால் இமேஜை இன்னொரு மெசினில் நிர்வாகி அதிகாரத்தோடு இணைத்தால் அந்த அனுமதிகள் தடுக்காது. டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவர் எல்லாவற்றையும் திறக்கலாம். சாப்பாட்டுப் பெட்டிக்குள் பஸ்ஸில் வந்தது அப்படியான டிஸ்க்.

ஆகவே பூட்ட வேண்டும். பூட்டினால் நாடகப் படங்களுக்கு நடந்தது நடக்கும் என்பீர்கள். அதற்காகப் பூட்டாமல் விடுவது மறுமொழி இல்லை. எங்களை நம்பிக் கதை சொன்னவர்களுக்கு அது துரோகம். திறப்பை இரண்டு பேரிடம், இரண்டு ஊரில், கடதாசியில் எழுதி உறையில் ஒட்டி வைப்பதுதான் மறுமொழி. நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

நாலாவது, ஒரு ஆளின் தலைக்குள் மட்டும் அறிவை வைக்காதீர்கள். அண்ணா எங்களுக்குச் செய்தது பெரிய உதவி. அதில் சந்தேகமில்லை. பிழை எங்களில். "அவருக்குத் தெரியும்" என்று விட்டுவிட்டு ஒருநாளும் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. எங்களைப் போன்ற கூட்டங்களில் ஆட்கள் போவார்கள். கம்பஸ், வேலை, கலியாணம், வெளிநாடு. அது யாரின் குற்றமும் இல்லை. போகிறவர் இருக்கும்போதே, கணினி தெரியாத ஒருவர் அவர் முன்னால் இருந்து ஒரு பைலை எடுத்துக் காட்டட்டும். தடக்குப்பட்ட இடங்களை ஒரு பக்கத்தில் எழுதி டிஸ்க்கோடு ஒட்டுங்கள். எங்களுடைய தாளில் முதல் வரி: "கொப்பி எடுக்காமல் திறக்காதே. திறந்தால் வாசிக்க மட்டும்."

ஐந்தாவது, வருடத்துக்கு ஒரு தரமாவது திறந்து பாருங்கள். இதற்கு எங்களிடம் ஏற்கனவே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கிப் பூசையில் வைக்கிறோம், தொடக்கூடாது என்கிறோம். ஆனால் விஜயதசமி அன்று கட்டாயம் எடுத்து ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும் என்று அம்மம்மாமார் விடமாட்டினம். பேக்கப்பைப் பொறுத்தவரை நாங்கள் பூசையை மட்டும் செய்துகொண்டு விஜயதசமியை மறந்துபோனோம். இனி ஒவ்வொரு விஜயதசமிக்கும் எங்கள் அறையில் ஒரு டிஸ்க்கை எடுத்து, அதற்குள் இருந்து சீட்டுப்போட்டுத் தெரிந்த ஒரு பைலைத் திறந்து, எல்லாரும் இருந்து கேட்பது அல்லது பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். கடலையும் அவலும் உண்டு. வர விரும்பினால் வாருங்கள்.

முப்பத்தோராம் நாள் அன்று அந்த வீட்டுக்குப் போனோம். சமையல், சனம், சத்தம் எல்லாம் அடங்கிய பிறகு, பின்னேரம் விறாந்தையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துப் போட்டோம். கிணறு வெட்டின கதை வந்தபோது ஆட்கள் சிரித்தார்கள். பிறகு நடுவில், "பிள்ளை, இவையளுக்குத் தேத்தண்ணி போடு" என்ற குரல் வந்தது. அக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடத்தான் போகிறார் என்று நினைத்தோம். கனநேரம் வரவில்லை.

இந்தக் கிழமை உங்கள் டிஸ்க்கில் இருந்து ஒரே ஒரு பைலை வெளியில் எடுத்துப் பாருங்கள். இமேஜ் என்றால் கொப்பி எடுத்து, வாசிக்க மட்டும் என்று திறவுங்கள்.